மந்தைக்கு ஒரு வெளி

நான் குடியிருப்பது மந்தைவெளியில். இந்தப் பெயரைக் கேட்டுச் சிரிக்காத வெளியூர் நண்பர் எனக்கு இல்லை. "மந்தையும் இல்லை, வெளியும் இல்லை, பெயர் மட்டும் பிரமாதம்!" என்பார்கள். ஒரு காலத்தில் மயிலாப்பூருக்குத் தெற்கே மாடுகள் மேய்ந்த திறந்த நிலம் இது என்று சொல்வார்கள். இன்று இங்கே மந்தையாக நிற்பவை பஸ்கள்தாம். தலைக்கு மேலே ரயில் ஓடுகிறது. எங்கள் தெருவில் தப்பித் தவறி ஒரு பசுமாடு வந்து நின்றால், சுவரொட்டியைத் தவிர வேறு எதையும் அது மேய முடியாது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இருக்கிறார். கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் சலவை வேட்டியும் சட்டையுமாக, வேதப் புத்தகத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார். வெயில் ஏறும் நேரத்துக்குத் திரும்புவார். ஒரு நாள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, மந்தைவெளிப் பெயரைப் பற்றி என் வழக்கமான வேடிக்கையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்கள் பேச்சில் மந்தை என்றால் சபை, சார். பாதிரியார் மேய்ப்பர், நாங்கள் மந்தை. செங்கற்பட்டுப் பக்கத்தில் எங்கள் முப்பாட்டன் காலத்தில் மந்தை இருந்தது. அது நிற்க ஒரு வெளி இல்லை. எங்கள் சபையின் கதை முழுவதும் அவ்வளவுதான்" என்றார்.

அந்தப் பேச்சு என்னைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு பழைய புத்தகங்களையும் சர்க்கார் ரிப்போர்ட்டுகளையும் தேடிப் பிடித்துப் படித்தேன். சரித்திரம் என்றால் ராஜாவும் கோட்டையும் வேண்டும் என்று எதிர்பார்க்கும் வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும். இந்தச் சரித்திரத்தில் குதிரைப் படை கிடையாது. கலப்பை பிடித்தவர்கள் சிலர், ஒரு பாதிரியார், ஒரு கலெக்டர், கொஞ்சம் தரிசு நிலம்; இவ்வளவுதான் உண்டு.

*

சிங்கப்பெருமாள்கோயிலுக்கு அருகே மெல்ரோசாபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. தமிழ்நாட்டில் புரங்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் இந்தப் புரத்துக்கு முன்னால் நிற்கும் மெல்ரோஸ், ஸ்காட்லாந்தில் ட்வீட் நதிக்கரையில் உள்ள ஒரு சிற்றூர். 1136-இல் அங்கே ஒரு பெரிய மடாலயம் எழுந்தது. இப்போது இடிந்த சுவர்களும் வளைவுகளும்தாம் நிற்கின்றன. அதற்குச் சில மைல் தூரத்தில்தான் ஸர் வால்டர் ஸ்காட் தம்முடைய மாளிகையைக் கட்டிக்கொண்டு நாவல் எழுதினார். நம் சரித்திர நாவலாசிரியர்களுக்கெல்லாம் ஒரு வகையில் பாட்டனார் அவர். அப்படிப்பட்ட ஊரின் பெயர், கேழ்வரகும் நெல்லும் விளையும் செங்கற்பட்டுச் சீமையில் வந்து எப்படி ஒட்டிக்கொண்டது?

இதற்குப் பதில் தேடுகிறவர் முதலில் எழும்பூருக்குப் போக வேண்டும். ரயில் நிலையத்துக்குச் சற்றுத் தூரத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோயில் இருக்கிறது. 'கிர்க்' என்று சென்னைவாசிகள் சொல்வது அதைத்தான். டி ஹாவிலாண்ட் என்ற ராணுவ இஞ்சினீயர் கட்டியது, 1821-இல் திறக்கப்பட்டது. உள்ளே வட்ட வடிவமான மண்டபம். மேலே நீல நிறக் கவிகை. அந்த இடம் சதுப்பு நிலம். சாதாரண அஸ்திவாரம் போட்டால் கட்டடம் உள்ளே இறங்கிவிடும். ஆகவே நம் ஊர்க் கிணறு வெட்டிகளைக் கொண்டு நூற்றுக்கு மேற்பட்ட கிணறுகளை இறக்கி, அவற்றின் மேல் கோயிலை எழுப்பினார்கள். கம்பெனியில் வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக ஏற்பட்ட கோயில் அது. அவர்கள் பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்தவர்கள்.

வாய்க்குள் நுழையாத இந்தப் பெயரின் பொருள் மிகவும் எளியது. கிரேக்க மொழியில் 'பிரெஸ்பிட்டர்' என்றால் மூத்தவர். தமிழ்க் கிறிஸ்தவர்கள் 'மூப்பர்' என்று அழகாகச் சொல்கிறார்கள். இந்தச் சபையில் பிஷப்பு என்ற அத்தியட்சர் கிடையாது. சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்களும் போதகரும் சேர்ந்து உட்கார்ந்து காரியங்களைத் தீர்மானிப்பார்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரே ஒரு வித்தியாசம்: நம் பழைய பஞ்சாயத்தில் சேரிக்காரன் எட்டி நின்றுதான் தீர்ப்பைக் கேட்க முடியும்.

*

1837-இல் ஜான் ஆண்டர்சன் என்ற இளம் பாதிரியார் ஸ்காட்லாந்திலிருந்து சென்னைக்கு வந்து ஒரு பள்ளிக்கூடத்தை ஏற்று நடத்தத் தொடங்கினார். பிற்காலத்தில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்து, 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபோனது அந்தப் பள்ளிக்கூடம்தான். மேல் சாதிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷும் வேதமும் கற்றுக் கொடுத்தால், மேலே ஊற்றிய தண்ணீர் கீழே கசிவதுபோல் புதிய எண்ணங்கள் சமூகம் முழுவதும் இறங்கும் என்பது ஆண்டர்சன் முதலியவர்களின் நம்பிக்கை.

ஆனால் முதல் சோதனை கீழேயிருந்து வந்தது. 1838-இல், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பையன்கள் சிலர் பள்ளியில் சேர்ந்திருப்பது மற்றவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அவர்களை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விடுவோம் என்று பெற்றோர்கள் சொன்னார்கள். ஆண்டர்சன் நீக்க மறுத்துவிட்டார். ஏராளமான பிள்ளைகள் வெளியேறினார்கள். பிறகு மெள்ள மெள்ளத் திரும்பி வந்தார்கள். 1841-இல் மேல் சாதி மாணவர்கள் சிலர் ஞானஸ்நானம் பெற்றபோது சென்னையே கொந்தளித்தது. பள்ளி மறுபடியும் காலியாயிற்று. இதற்கிடையில் காஞ்சிபுரத்திலும் செங்கற்பட்டிலும் கிளைப் பள்ளிகள் ஏற்பட்டிருந்தன. இப்படித்தான் ஸ்காட்லாந்துச் சபைக்குச் செங்கற்பட்டு ஜில்லாவோடு உறவு உண்டாயிற்று.

அந்த உறவு வகுப்பறையை விட்டு வயலுக்கு இறங்குவதற்கு இன்னும் நாற்பது வருஷம் இருந்தது. நடுவில் ஸ்காட்லாந்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். நம் கதைக்கும் அதற்கும் தூரம் அதிகமென்று தோன்றும்; கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்தில் ஒவ்வோர் ஊர்க் கோயிலுக்கும் போதகரை நியமிக்கும் உரிமை பெரும்பாலும் நிலப் பிரபுக்களின் கையில் இருந்தது. ஊருக்கு வேண்டாத போதகரைக்கூடப் பிரபு கொண்டுவந்து உட்கார வைக்கலாம். சபையார் பல வருஷம் போராடிப் பார்த்தார்கள். கோர்ட்டும் சர்க்காரும் பிரபுக்களின் பக்கம் நின்றன. 1843-ஆம் வருஷம் மே 18-ஆம் தேதி, எடின்பரோவில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோயிலில் கூடிய மகாசபையிலிருந்து ஒரு கூட்டம் எழுந்து வெளியே நடந்தது. நாட்டில் சுமார் 1,200 போதகர்கள் இருந்தார்கள்; அவர்களில் ஏறக்குறைய 470 பேர் வீடு, சம்பளம், கோயில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு 'சுதந்திர சபை' என்று தனியே போய்விட்டார்கள். சென்னையிலிருந்த ஆண்டர்சனும் அவருடைய தோழர்களும் அந்தப் பக்கமே சேர்ந்தார்கள்.

வெளியே வந்தவர்களுக்குக் கோயில் வேண்டும். கோயிலுக்கு நிலம் வேண்டும். நிலமோ பிரபுக்களுடையது. பல இடங்களில் அவர்கள் ஒரு சாண் மண்கூடக் கொடுக்க மறுத்தார்கள். ஜனங்கள் மழையிலும் பனியிலும் திறந்த வெளியில் நின்று தொழுதார்கள். ஸ்ட்ரான்ஷியன் என்ற ஊரில் மட்டும் ஒரு யுக்தி செய்தார்கள். நிலம்தானே பிரபுவுக்குச் சொந்தம், தண்ணீர் இல்லையே? 1846-இல் இரும்பினால் ஒரு மிதக்கும் கோயில் கட்டி, கரைக்கு அருகே நீரில் நங்கூரம் பாய்ச்சி நிறுத்தினார்கள். நூறு பேர் ஏறினால் கோயில் ஓர் அங்குலம் தாழுமாம். யாருடைய பிரசங்கத்துக்குக் கூட்டம் அதிகம் என்பதைத் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

மந்தை இருக்கிறது, நிற்க நிலம் இல்லை என்பது அந்தச் சபை தன் சொந்த வீட்டிலேயே பட்ட பாடு. இதை நினைவில் வைத்துக்கொண்டு செங்கற்பட்டுக்கு வருவோம்.

*

ஸ்காட்லாந்துப் பிரபுவின் இடத்தில் செங்கற்பட்டுச் சீமையில் மிராசுதாரர் இருந்தார். ஊர் நிலத்தில் அவருக்குப் பரம்பரைப் பங்கு உண்டு. ஊரில் கிடக்கும் தரிசு சர்க்காருடையது. ஆனால் அதை உழுது பயிரிட வேறு யாராவது தர்க்காஸ்து மனுக் கொடுத்தால், முதலில் மிராசுதாரரைக் கேட்க வேண்டும். அவர் "எனக்கு வேண்டும்" என்றால் மனுச் செய்தவனுக்கு இல்லை. அவர் உழுதாலும் சரி, சும்மா போட்டாலும் சரி.

சும்மா போடுவதிலும் லாபம் இருந்தது. சேரி மக்களுக்குச் சொந்தமாகக் காணி நிலம் கிடைத்துவிட்டால், மிராசுதாரரின் வயலில் இறங்க ஆள் எங்கே? அவர்கள் படியாட்களாக இருந்தார்கள். கூலி தானியமாகப் படியளக்கப்படும். கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ வாங்கிய சிறு கடனுக்காக ஒருவன் தன்னையும் தன் பிள்ளைகளையும் வேலைக்கு எழுதிக் கொடுத்துவிடுவான். இந்தியாவில் அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று சர்க்கார் சட்டம் செய்ததும் அதே 1843-ஆம் வருஷத்தில்தான். சட்டம் புத்தகத்தில் இருந்தது. எழுதிக் கொடுத்த பத்திரம் மிராசுதாரர் வீட்டுப் பெட்டியில் இருந்தது.

எல்லாவற்றையும்விடக் கொடுமை குடிசை நிலம். சேரியில் குடிசை நிற்கும் மண்கூடப் பல ஊர்களில் மிராசுதாரருடையது. எதிர்த்துப் பேசினால், "குடிசையைப் பிரித்துக்கொண்டு போ" என்று ஒரு வார்த்தை போதும். போக இடம் கிடையாது. 1876 முதல் 1878 வரை அடித்த தாது வருஷப் பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்களும் இப்படி ஒன்றும் இல்லாதவர்களே.

பஞ்சத்துக்குப் பிந்திய காலத்தில் செங்கற்பட்டில் ஊழியம் செய்த சுதந்திர சபைப் பாதிரியார் ஆடம் ஆண்ட்ரூ. சேரி ஜனங்கள் அவரிடம் வரத் தொடங்கினார்கள். வேதம் கேட்க வந்தவர்கள் உண்டு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டு வந்தவர்கள் உண்டு. மனு எழுதிக் கொடுக்க ஆள் தேடி வந்தவர்களும் உண்டு. அவர் மூன்றையும் செய்தார். தரிசு நிலம் கேட்டுச் சேரி மக்கள் போட்ட தர்க்காஸ்துகளுக்குத் துணை நின்றார். மிராசுதாரர்களின் ஆட்சேபம் வந்து மனுக்கள் தள்ளுபடியானபோது, மேலே வருவாய் வாரியம் வரைக்கும் எழுதினார். உபதேசம் செய்ய வந்தவர் ரெவினியூ சட்டத்தைக் கரைத்துக் குடிக்க வேண்டியதாயிற்று.

அப்போது செங்கற்பட்டில் ஆக்டிங் கலெக்டராக இருந்தவர் டிரெமென்ஹீர். 1891-இல் அவர் செங்கற்பட்டு ஜில்லாப் பறையர்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதிச் சர்க்காருக்கு அனுப்பினார். அலங்காரம் இல்லாத எழுத்து. குடிசை, உணவு, துணி, கூலி, கடன் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். தங்களை எழுதிக் கொடுத்தவர்களின் பத்திரங்களையும் சேர்த்தே வைத்தார். இவர்களுக்குக் குடிசை நிலம் வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், தரிசில் பங்கு வேண்டும் என்பது அதன் சாரம். வருவாய் வாரியத்தில் எதிர்ப்பு இருந்தது. அவர் கேட்டது எல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனால் 1892-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ஆம் தேதி சென்னைச் சர்க்கார் பிறப்பித்த உத்தரவின்படி, தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று நிலம் ஒதுக்கும் வழக்கம் தொடங்கியது. 'பஞ்சமி நிலம்' என்று இன்றைக்கும் நாம் சொல்வது அதைத்தான். பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் அதே வகுப்பாருக்குத்தான் விற்க வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார்கள்.

இதையெல்லாம் துரைமார்களே செய்துவிட்டார்கள் என்று எண்ணினால் அது அநியாயம். அயோத்திதாசப் பண்டிதரும் இரட்டைமலை சீனிவாசனும் தம் மக்களைத் திரட்டிச் சபைகள் கூட்டிய காலமும் இதுவே. சீனிவாசன் இதே செங்கற்பட்டு ஜில்லாவில் கோழியாளம் கிராமத்தில் பிறந்தவர். எந்தச் சொல்லை இழிவாகச் சொன்னார்களோ அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து, 1893-இல் 'பறையன்' என்று பத்திரிகை நடத்தினார். அதற்கும் முன்னால், கலெக்டர் கச்சேரியின் படியேறி மனுக் கொடுத்த கிராமத்து ஆட்களை நினைத்துப் பாருங்கள். மனுக் கொடுத்துவிட்டு அன்று ராத்திரி அவர்கள் திரும்பிப் போய்ப் படுத்தது மிராசுதாரரின் மண்ணில் நின்ற குடிசையில். அந்தத் துணிச்சலை எந்தப் பாதிரியாரும் அவர்களுக்குக் கடன் கொடுத்திருக்க முடியாது.

இந்தப் போராட்டத்தின் நடுவே, 1890-களில் ஆண்ட்ரூ ஏற்படுத்திய குடியிருப்புத்தான் மெல்ரோசாபுரம். விரட்ட ஆள் இல்லாத மண். அதில் வீடு, உழவு, பள்ளி, கோயில். மிதக்கும் கோயில் கட்டிய சபையின் கைக்கு ஐம்பது வருஷம் கழித்து, செங்கற்பட்டில் கெட்டித் தரை கிடைத்தது.

*

இங்கே வாசகர்கள் மனத்தில் ஒரு கேள்வி எழும். எனக்கும் எழுந்தது. இவர்கள் கிறிஸ்துவுக்காக வந்தார்களா, நிலத்துக்காக வந்தார்களா?

அந்தக் காலத்திலேயே இதற்கு ஒரு கேலிப் பெயர் வைத்துவிட்டார்கள்: அரிசிக் கிறிஸ்தவர்கள். ஹிந்துக்களும் சொன்னார்கள், பட்டணத்துக் கிறிஸ்தவர்களும் சொன்னார்கள். பஞ்சத்துக்கு வந்தவன், கஞ்சிக்கு வந்தவன் என்று பேச்சு.

நான் இதை வாத்தியாரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சற்று நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கள் பாட்டி அடுப்படியில் ஒரு சின்னப் பானை இருக்கும், சார். உலை வைக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அதில் போடுவாள். கைப்பிடி அரிசிக் காணிக்கை என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போவாள். வீட்டில் அரிசி போதாத நாளிலும் பானைக்குப் போடாமல் உலையில் போட்டு நான் பார்த்ததில்லை. அரிசி வாங்க வந்தவர்கள் என்கிறீர்களே, நான் பார்த்ததெல்லாம் கொடுத்ததைத்தான்" என்றார்.

தமிழ்நாட்டுக் கிராமச் சபைகள் பலவற்றில் இந்தக் கைப்பிடி அரிசி வழக்கம் உண்டு. போதகரின் சம்பளத்துக்கும் ஏழைகளின் உதவிக்கும் அது போகும். வருஷத்துக்கு ஒரு முறை அறுப்பின் பண்டிகை வரும். பூசணிக்காய், வாழைத்தார், கோழி, முட்டை என்று அவரவர் விளைச்சலின் முதல் பங்கைக் கொண்டுவந்து கோயிலில் வைப்பார்கள். பிறகு ஏலம் நடக்கும். ஒரு ரூபாய்ப் பூசணிக்காயைப் பத்து ரூபாய்க்கு ஏலம் எடுத்து, அதைத் திரும்பவும் கோயிலுக்கே கொடுத்துவிடுகிற ஆளை நீங்கள் அங்கே பார்க்கலாம். தன் வயலில் விளைந்தது என்று எதையும் சொல்ல முடியாதிருந்த பரம்பரையில் வந்தவனுக்கு அந்தப் பூசணிக்காயின் கனம் தெரியும்.

பசித்தவன் சோற்றையும் கடவுளையும் தனித்தனித் தட்டில் வைத்து நிறுத்துப் பார்த்துத்தான் கோயிலுக்குள் வர வேண்டும் என்று கேட்கும் உரிமை வயிறு நிறைந்த நமக்கு எங்கிருந்து வந்தது? வேண்டுதல் நிறைவேறினால் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று நாமும் தெய்வத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்கிறவர்கள்தாமே! அவர்கள் கேட்டது நிற்க ஓர் இடம். எட்டி நிற்காமல் உட்கார ஓர் இடம். பக்தியில் இது சேராது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூப்பர் தேர்தலையும் நினைத்துப் பாருங்கள். ஊர்க் காரியம் எதிலும் அபிப்பிராயம் கேட்கப்படாத ஒருவன், தன் சபைக்கு மூப்பர் யார் என்று சொல்லுகிறான். மறு வருஷம் அவனே மூப்பராகவும் ஆகலாம். வாரம் ஆறு நாள் "அடே" என்று கூப்பிடப்பட்டவன், ஏழாம் நாள் "மூப்பரே" என்று அழைக்கப்படுகிறான்.

ஆனாலும் எல்லாம் பொன் என்று எழுதினால் அது சரித்திரம் ஆகாது. காகிதத்தில் மூப்பர் ஆட்சி. நடப்பில் வெகு காலம் பாதிரித் துரையின் ஆட்சி. நிலம், பள்ளி, சம்பளம் மூன்றும் ஒருவர் கையில் இருந்தால் அவர் எவ்வளவு நல்லவராயிருந்தாலும் அவரும் ஒரு மிராசுதாரர் மாதிரிதான். சாதியும் கோயில் வாசலில் செருப்போடு சேர்ந்து கழன்றுவிடவில்லை. தமிழ்நாட்டில் தனி இருக்கையும் தனிக் கல்லறையும் வைத்திருந்த கிறிஸ்தவக் கோயில்கள் எத்தனையோ உண்டு.

*

பிற்பாடு பிரெஸ்பிட்டேரியன் என்ற பெயரே மறைந்தது. 1908-இல் ஸ்காட்லாந்து மிஷன், ஆற்காட்டு மிஷன், லண்டன் மிஷன், மதுரை அமெரிக்க மிஷன் ஆகியவற்றின் சபைகள் ஒன்று சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆயின. 1947-ஆம் வருஷம், நாடு சுதந்திரம் பெற்றுச் சுமார் ஆறு வாரத்தில், செப்டம்பர் 27-ஆம் தேதி, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன்களும் மெத்தடிஸ்டுகளும் அதனுடன் இணைந்தார்கள். தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பிஷப்பே வேண்டாம் என்ற பரம்பரைக்குப் பிஷப்பு வந்து சேர்ந்தார்.

அந்த முதல் பிஷப்புகளில் ஒருவர் லெஸ்லி நியூபிகின். 1936-இல் ஸ்காட்லாந்துச் சபையின் மிஷனரியாகச் சென்னைக்கு வந்தவர். 1939 முதல் காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு கிராமத்துச் சபைகளைச் சுற்றியவர். பிரெஸ்பிட்டேரியன் பாதிரியார் 37 வயதில் மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் பிஷப்பு ஆனார். பின்னாளில் சென்னைக்கும் பிஷப்பாக இருந்தார். உலகம் முழுவதும் படிக்கப்பட்ட இறையியல் புத்தகங்களை எழுதியவர், தம் பாடத்தைப் படித்த இடங்களில் காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத் தெருக்களும் உண்டு.

பெயர் போனது, மூப்பர்கள் போகவில்லை. போதகரோடு சபையார் பிரதிநிதிகளும் உட்கார்ந்து பேசும் வழக்கம் புதிய திருச்சபையிலும் தொடர்ந்தது.

ஆனால் நிலத்தின் கதை அவ்வளவு சுகமாக முடியவில்லை. 1950-இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணைப்படி, அட்டவணை வகுப்பார் என்ற தகுதி ஹிந்துக்களுக்கு மட்டும் என்று ஆயிற்று. 1956-இல் சீக்கியர்களையும், 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். முப்பாட்டன் பஞ்சமன் என்பதற்காகச் சேரியில் வைக்கப்பட்டான். பேரன் அதே சேரியில் இருந்துகொண்டு, "நீ அந்தக் கணக்கில் இல்லை" என்ற பதிலைக் கேட்கிறான்.

பஞ்சமி நிலமோ நிபந்தனைகளையெல்லாம் மீறி ஏராளமாகக் கை மாறிவிட்டது. 1994-இல் செங்கற்பட்டு ஜில்லாவில் காரணை என்ற கிராமத்தில், பறிபோன பஞ்சமி நிலத்தை மீட்க வேண்டும் என்று மக்கள் கிளர்ந்தார்கள். அக்டோபர் 10-ஆம் தேதி செங்கற்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸார் சுட்டார்கள். இரண்டு பேர் உயிர் இழந்தார்கள். டிரெமென்ஹீர் அறிக்கை எழுதி நூற்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதே ஜில்லா, அதே கோரிக்கை.

மெல்ரோசாபுரத்துக்குப் பக்கத்திலேயே இன்று மறைமலை நகர் வளர்ந்திருக்கிறது. தொழிற்சாலைகளும் மனைப் பிரிவுகளுமாக ரயில் பாதை ஓரமெல்லாம் நிறைந்துவிட்டது. ஒரு காலத்தில் தரிசு என்று கிடந்த மண்ணுக்கு இப்போது சதுர அடிக் கணக்கில் விலை. அன்று "எனக்கு வேண்டும்" என்று சொல்ல ஒரு மிராசுதாரர்தான் இருந்தார். இன்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆகையால்தான் அந்தப் பழைய குடியிருப்பின் கதை எனக்குப் பழங்கதையாகத் தோன்றவில்லை.

இவ்வளவையும் எழுதி முடித்து வாத்தியாரிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே முழுவதும் கேட்டார்.

"எல்லாம் சரி, சார். ஒன்றே ஒன்று. நீங்கள் நிலம் கொடுத்தார்கள், கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலத்தைத் தலைமுறை தலைமுறையாக உழுதவர்கள் எங்கள் ஆட்கள். 'திரும்பக் கிடைத்தது' என்று எழுதினால் என்ன?" என்று கேட்டார்.

நியாயம்தான். திருத்துவதற்காகக் காகிதங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். தெருமுனையில் ஒரு பசுமாடு சுவரொட்டியைத் தின்றுகொண்டு நின்றது. முன்பெல்லாம் அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு வரவில்லை. இந்த மந்தைவெளியில் மேய்ந்த மந்தை எங்கே போயிற்று, அதை மேய்த்தவன் எங்கே போனான் என்ற நினைவுதான் வந்தது.